காசு முழுங்கினேன் என்று ஒரு பொய்

வேகும் வெயிலையும் வியர்வையையும் வென்று கோடை விடுமுறைப் பாதுகாப்புக்காகக் கூடிய இந்த அவைக்குத் தலைமை தாங்கி, இருட்டறைக்காரனான என்னை வெளிச்சத்துக்கு இழுத்து வந்திருக்கும் பள்ளித் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, இவன் எப்போது முடிப்பானோ என்று கைக்கடிகாரத்தைத் தடவிக்கொண்டிருக்கும் பெரியோர்களே! ஒரு காதை எனக்கும் மறு காதைப் பிள்ளைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்திருக்கும் தாய்மார்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்டு நகர மறுக்கும் தந்தைமார்களே! நாற்காலிகளுக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருக்கும் இந்தக் கூட்டத்தின் உண்மையான நாயகர்களே, நாயகிகளே! உங்கள் அனைவர் முன்னும் தலை தாழ்த்தி, கரம் கூப்பி, வாய் நிறைய வணக்கம் சொல்கிறேன்.

நான் மேடையில் பிறந்தவன் அல்லன். மேடைகளுக்குப் பின்னால் நாற்காலி அடுக்கி வளர்ந்தவன். வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறேன். பதினெட்டு வருடங்களாக என் தொழிலுக்கு மூன்றே வசனங்கள்தான்: மூச்சை இழு, அப்படியே பிடி, விடு. அதோ, அந்த அண்ணன் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். விட்டுவிடுங்கள் ஐயா, இங்கே ஃபிலிம் இல்லை.

என்னிடம் ஒரு நோய் உண்டு. மருந்தில்லாத நோய். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கும் நோய். பத்து மாதம் என் அறைக்கு வருபவர்கள் யார்? முட்டி தேய்ந்தவர்கள், முதுகு பிடித்தவர்கள், பைக்கில் இருந்து விழுந்துவிட்டு 'பைக்தான் என் மேல விழுந்துச்சு' என்பவர்கள். ஆனால் பள்ளிக்கூடம் பூட்டிய மறுநாளே பாருங்கள்! வாசலில் வரிசையாகச் சின்னச் சின்னச் செருப்புகள். மணிக்கட்டு ஒடிந்த மகராசன், முழங்கை பிசகிய மகராசி, விரலைக் கதவில் கொடுத்துவிட்டு வீல் வீலென்று கத்தும் வீரன்! ஏன்? வெயிலா பிள்ளையின் எலும்பை முறிக்கிறது? சூரியனா வந்து அலமாரி மேல் ஏற்றிவிடுகிறது? நான் கேட்டேன். பார்க்கிறவரையெல்லாம் கேட்டேன். 'லீவு விட்டா வாலு முளைச்சிடுதுங்க' என்று ஒரே பதில் வந்தது. எனக்கு அது போதவில்லை. நானும் பதினெட்டு வருடம் எக்ஸ்ரே எடுத்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்கும் வாலைக் கண்டதில்லை.

சிரித்தது போதும், கேளுங்கள். ஆரம்பத்தில் நானும் எல்லாரையும் போலத்தான் கேட்பேன்: 'ஏன்டா ஏறினே?' பிள்ளை வாயைத் திறக்காது. அதட்டினால் அழும். அம்மா முந்திக்கொண்டு, 'சொன்ன பேச்சைக் கேட்டாத்தானே' என்பார். விசாரணை முடிந்தது, கோப்பு மூடப்பட்டது! ஒருநாள் ஒரு பயல், ஏழு வயது, அலமாரி மேல் இருந்து விழுந்து வந்தான். எனக்கு ஏனோ கேட்கத் தோன்றியது: 'என்னடா பார்க்க ஏறினே?' பயலின் அழுகை சட்டென்று நின்றது. கண் விரிந்தது. 'ஃபேன் கீழதான் காத்து விடுதா, மேலயும் விடுதான்னு பார்க்க ஏறினேன்' என்றான்.

சபையோரே! நான் நாற்பத்தாறு வருடங்களாக மின்விசிறிக்குக் கீழே படுத்துக் கிடக்கிறேன். ஒருநாளாவது இதைக் கேட்டேனா? நீங்கள் கேட்டீர்களா? அவன் கேட்டான். கையை ஒடித்துக்கொண்டு கேட்டான். 'மேலயும் காத்து வருதாடா?' என்றேன். 'கையை நீட்டுறதுக்குள்ள விழுந்துட்டேன்' என்றான். எனக்கு இன்றுவரை விடை தெரியாது. ஐயா, நீங்கள் வீட்டுக்குப் போய் ஏணி போட்டுவிடாதீர்கள்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். என் அறைக்கு வரும் பிள்ளைகளிடம் அதே கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதி வைப்பேன். கதவிடுக்கில் விரல் நசுங்கியவன்: 'இடுக்குல வர்ற வெளிச்சத்தைப் பிடிக்கப் போனேன்.' மாடிக் கைப்பிடிச் சுவரோரம் ஸ்டூல் போட்டு ஏறி, நல்லவேளையாக உள்பக்கமே விழுந்தவள்: 'எங்க அம்மா எந்த பஸ்ல ஏறிப் போறாங்கன்னு பார்க்க.' தண்ணீர்ப் பஞ்சத்துக்காகப் பிடித்து வைத்த டிரம்மில் தலைகீழாகக் கவிழ்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் காலைப் பிடித்துத் தூக்கியதால் பிழைத்த நான்கு வயதுச் சிட்டு: 'என் மூஞ்சி எவ்ளோ ஆழத்துல இருக்குன்னு தொட்டுப் பார்த்தேன் மாமா.'

பிள்ளை விழுவதற்காக ஏறுவதில்லை; பார்ப்பதற்காக ஏறுகிறது. பார்க்க வேண்டும் என்ற பசி அதற்கு. பள்ளிக்கூடம் இருக்கும்போது அந்தப் பசிக்கு டீச்சர்மார் ஏதோ தீனி போடுகிறார்கள். விடுமுறையில் வீடு மட்டுமே கிடைக்கிறது. வீட்டையே தின்னப் பார்க்கிறது. ஆகவே டிரம்முக்கு மூடி போடுங்கள், மூடிக்கு மேல் கல்லை வையுங்கள். சன்னலுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் பக்கத்தில் ஸ்டூல், கட்டில், பூந்தொட்டி எதுவும் வேண்டாம். நிறுத்தி வைத்த காரைப் பூட்டாமல் விடாதீர்கள். கண்ணாமூச்சி ஆடுகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல ஒளிவிடம் கிடையாது, வெயிலில் அதைவிடக் கொடிய அடுப்பும் கிடையாது. இதையெல்லாம் துண்டுச் சீட்டிலும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். விசிறிக்கொள்ளாமல் கொஞ்சம் படியுங்கள் அம்மா.

ஆனால் நான் இங்கே வந்தது சீட்டில் இருப்பதை ஒப்பிக்க அல்ல. சீட்டில் இல்லாத ஒன்றைச் சொல்ல வந்தேன். என் தங்கை மகளைப் பற்றிச் சொல்ல வந்தேன். இத்தனை பிள்ளைகளிடம் கேட்ட கேள்வியை, என் வீட்டுப் பிள்ளையிடம் கேட்க மறந்த கதையைச் சொல்ல வந்தேன்.

அவளுக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் நண்டு என்று கூப்பிடுவோம். என் தங்கை வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறாள். ரவிக்கை, பள்ளிச் சீருடை எல்லாம் தைப்பாள். அவள் கணவர், என் மாப்பிள்ளை, மரவேலை செய்கிற தச்சர். கைத்தொழிலில் கெட்டி, கோபத்தில் அதைவிடக் கெட்டி. அடிப்பாரா? ஆண்டுக்கு ஓரிரு முறை. ஆனால் நாளுக்கு நாற்பது முறை அடிப்பேன் என்பார். 'தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்' என்பது அவர் வீட்டில் காலை வணக்கம் மாதிரி. சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் அதே வணக்கம்தான் போலிருக்கிறது!

அந்தக் கோடையில் தங்கை ஒரு புது மின்விசிறி வாங்கினாள். நின்றுகொண்டு தலையாட்டுகிற வகை. அதற்கு ஒரு குட்டி ரிமோட், பிஸ்கட் அளவுதான் இருக்கும். மாப்பிள்ளை சட்டம் போட்டுவிட்டார்: 'அந்த ரிமோட்டை நான் ஒருத்தன்தான் தொடுவேன். வேற யார் கையாவது பட்டுச்சு, ஒடிச்சிடுவேன்.' அலமாரியில் எட்டாத தட்டில் வைத்தார். ஐயா, எட்டாத தட்டு என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதா? நாற்காலி என்று ஒன்றைச் செய்ததே தச்சர்தானே!

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய வேடிக்கைக் கதை உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது ஒரு காசை விழுங்கிவிட்டேன். வீடே அலறியது. நாலு வாழைப்பழம் திணித்தார்கள். மறுநாள் காலை காசு பத்திரமாக வெளியே வந்தது. கூடுகிற இடத்தில் எல்லாம் இந்தக் கதை ஓடும். நானே நடித்துக் காட்டுவேன். நண்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். 'மாமா, காசு வந்த கதை சொல்லு' என்று மடியில் ஏறிக்கொள்வாள். அவளுக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் அதில் இருந்து என்ன கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் பதினொன்றேகால் மணிக்குத் தங்கை போன் செய்தாள். 'அண்ணா, நண்டு காசு முழுங்கிட்டாளாம்.'

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்துகொண்டு, 'மாமனுக்குத் தப்பாம பொறந்திருக்கா! வாழைப்பழம் குடு, சாயங்காலம் வந்து பார்க்கிறேன்' என்றேன். போனை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சொல்லிச் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பிள்ளைக்கு வாழைப்பழம் இறங்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் துப்பினாள். வாயோரம் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. பெற்ற மனம் பித்து என்பார்கள். அந்தப் பித்துதான் அன்று எங்களைக் காப்பாற்றியது. என் பேச்சைக் கேட்காமல், தைத்துக்கொண்டிருந்த துணியை ஊசியோடு அப்படியே விட்டுவிட்டு, தங்கை ஆட்டோ பிடித்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அப்போது மணி பன்னிரண்டே முக்கால்.

முன்பக்கமாக ஒரு படம் எடுத்தேன். திரையில் தெரிந்தது: உணவுக் குழாயின் மேல்பகுதியில், வெள்ளையாக, வட்டமாக ஒன்று. 'காசுதான்' என்றேன். பணியில் இருந்த டாக்டர் வயதில் சின்னவர். படிப்பு முடித்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. திரையைப் பார்த்தார். 'சார், சைடு வியூ எடுத்தீங்களா?' என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. 'டாக்டரம்மா, பதினெட்டு வருஷமா பார்க்கிறேன். எத்தனை காசு பார்த்திருப்பேன்! காசுன்னு பிள்ளையே சொல்லுதே.'

'சொல்லட்டும் சார். நீங்க எடுங்க' என்றார் அவர். கோபப்படவில்லை, கெஞ்சவுமில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு திமிர் என்று முனகிக்கொண்டே எழுந்து போனேன். அந்தத் திமிருக்கு இந்த மேடையில் இருந்து என் கும்பிடு!

அந்த வாரம் எங்கள் அறையில் ஏசி பழுது. ஒரு படத்துக்கும் மறு படத்துக்கும் நடுவே கதவில் ஸ்டூல் வைத்துத் திறந்து வைப்போம். நண்டைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினேன். தோளைப் பிடித்து நேராக்கும்போது, பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டது. 'என்ன பார்க்கப் போனே நண்டு?'

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எச்சிலைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்: 'அப்பா வெளியில இருக்காரா?'

'இல்லடா. வேலைக்குப் போயிருக்காரு.'

'அந்தக் காத்தாடி ரிமோட்டு இருக்குல்ல... பின்னாடி ஒரு மூடி. அதுக்குள்ள பளபளன்னு ஒரு பொட்டு. அதுலதான் கரண்டு இருக்குன்னு அப்பா சொன்னாரு. கரண்டு எப்படி இருக்கும்னு நாக்குல வச்சுப் பார்த்தேன். வழுக்கி உள்ள போயிடுச்சு.'

சபையோரே, அது காசே இல்லை, பொத்தான் பேட்டரி! 'அப்ப ஏன்டி காசுன்னு சொன்னே?' என்று கத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. எனக்கு விளங்க வைக்கிறவள் போலப் பொறுமையாகச் சொன்னாள்: 'காசு முழுங்கினா எல்லாரும் சிரிப்பீங்க. ரிமோட்டைத் தொட்டா அப்பா கையை ஒடிச்சிடுவாரு.'

திரும்பிப் பார்த்தேன். திறந்த கதவருகே, தலையெல்லாம் மரத்தூளோடு, வேலையை விட்டு ஓடி வந்த கோலத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார்.

பின்னால் ஒரு தம்பி கேட்கிறார்: 'ஒரு பொத்தான் பேட்டரி அப்படி என்னங்க பண்ணும்?' நல்ல கேள்வி. உங்களையும் என் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். தம்பி, அது ரிமோட்டில் இருக்கும்போது காய்ந்து கிடக்கிறது. தொண்டையில் சிக்கினால் அங்கே எப்போதும் ஈரம். ஈரம் பட்டதும் அதில் மின்சாரம் ஓடத் தொடங்கும். பக்கத்தில் இருக்கும் சதையை அரிக்கத் தொடங்கும். பிள்ளைக்கு வெளியே ஒரு காயமும் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே ஆழமாக வெந்துவிடலாம். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, பழத்தைத் திணிக்கக் கூடாது, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். குழந்தை காசு என்று சொன்னாலும் ஓட வேண்டும். எக்ஸ்ரேக்காரத் தாய்மாமன் வாழைப்பழம் கொடு என்று சொன்னாலும், அவனைத் திட்டிவிட்டு ஓட வேண்டும்!

பக்கவாட்டுப் படத்தில் அந்த வட்டத்தின் விளிம்பு ஒரு படிக்கட்டு போலத் தெரிந்தது. காசுக்கு அப்படிப் படி இராது. ஓடிப்போய் முதல் படத்தை மறுபடி பார்த்தேன். வெள்ளை வட்டத்துக்குள்ளே ஒட்டினாற்போல் இன்னொரு வளையம், பளிச்சென்று தெரிந்தது. முன்னமே தெரிந்திருந்தது! என் கண் முன்னாலேயே இருந்தது! காசு என்று முடிவு கட்டிவிட்டுப் பார்த்த கண்ணுக்குக் காசாகவே தெரிந்திருக்கிறது. மற்ற பிள்ளைகளிடம் நோட்டும் கையுமாகக் கேள்வி கேட்டவன், என் வீட்டுப் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டேன்.

அந்தச் சின்ன டாக்டர் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். படிக்கட்டில் செருப்பு கழன்றது, எடுக்கவில்லை. பெரிய டாக்டரை அழைத்தார், ஆபரேஷன் அறையைத் திறக்க வைத்தார். குழாய் விட்டு அதை வெளியே எடுத்தபோது மணி ஒன்றே முக்கால். கறுத்துப்போன அந்தச் சில்லை ஒரு கிண்ணத்தில் வைத்துக் காட்டினார்கள். என் கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அவ்வளவுதான்.

கைதட்டாதீர்கள். இன்னும் முடியவில்லை. நானும் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பெரிய டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்: 'உள்ளே வெந்திருக்கு. கொஞ்ச நாளைக்குக் குழாய் வழியாத்தான் சாப்பாடு. ஆறிடும். ஆனா ஆறும்போதுதான் ஆபத்து. சில வாரம் கழிச்சு அந்த இடம் தழும்பாகிச் சுருங்கலாம். ஆரம்பத்திலேயே தெரிஞ்சா விரிச்சு விட்டுடலாம். முத்திப் போனா பெரிய ஆபரேஷன். நாங்க அப்பப்ப பார்ப்போம். ஆனா நடுவுல முழுங்கும்போது குத்துதா, நிக்குதான்னு அவளுக்குத்தான் தெரியும். அவ சொன்னாத்தான் உங்களுக்குத் தெரியும்.'

அவள் சொன்னால்! யார் சொன்னால்? அடிக்குப் பயந்து, நெஞ்சுக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு, காசு என்று சாதித்த பிள்ளை சொன்னால்! தங்கை என்னைப் பார்த்தாள். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த அன்று அவர் மகள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். 'இந்த வீட்ல இனிமே, நீ என்ன செஞ்சிருந்தாலும் சரி, சொல்லிட்டா அடி இல்ல. திட்டும் இல்ல' என்றார். ஆகா, அப்பா திருந்திவிட்டார், பிள்ளை நம்பிவிட்டது என்று நினைக்கிறீர்களா? ஆறு வருடமாகக் கேட்ட வசனத்தை ஆறு நொடியில் மறக்க, பிள்ளைகள் என்ன நம்மைப் போல ஏமாளிகளா? அவள் தலையை ஆட்டினாள். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை.

ஆனால் சோதித்துப் பார்த்தாள்! அது எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது. முதல் நாள், 'அப்பா, உன் பென்சிலை நான்தான் எடுத்தேன்' என்றாள். சொல்லிவிட்டு அவர் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. 'சரிடா' என்றார். இரண்டு நாள் கழித்து, 'அம்மா தைச்ச துணியில மை கொட்டிட்டேன்.' 'சரிடா, துடைப்போம்.' கொட்டவே இல்லை ஐயா! சும்மா சொல்லிப் பார்த்திருக்கிறாள். தச்சர் ஆணியைத் தட்டித் தட்டி உறுதி பார்ப்பாரே, அப்படி அப்பனைத் தட்டிப் பார்த்தது பிள்ளை. 'மச்சான், என் பொண்ணு எனக்குப் பரீட்சை வைக்கிறா' என்றார் என்னிடம். 'பாஸ் பண்ணுங்க மாப்பிள்ளை, நம்ம ரெண்டு பேருக்கும் வேற வழியில்ல' என்றேன்.

கடைசிப் பரீட்சை அன்று நானும் அங்கே இருந்தேன். மாப்பிள்ளையிடம் ஒரு ரசமட்டம் உண்டு. மட்டம் பார்க்கிற கருவி. கண்ணாடிக் குழாயில் ஒரு குமிழி ஆடுமே, அதுதான். அவர் தொழில் கற்றுக்கொடுத்தவர் கொடுத்தது. பெற்ற மகளைத் தூக்கிக்கொள்ள யார் கையிலும் கொடுப்பார். அதைக் கொடுக்க மாட்டார். நண்டு அதை இரண்டு துண்டாகக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். 'அப்பா, உடைச்சிட்டேன்' என்றாள். இந்த முறை பொய் இல்லை.

மாப்பிள்ளை கதவுப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். முகம் செங்கல் நிறமானது. தையல் மிஷின் நின்றுவிட்டது. நான் எழுந்துவிட்டேன். அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். வெளியே போனார். தெருக் குழாயில் முகத்தைக் கழுவினார். திரும்பி வந்தவர் வாசலில் நின்று யோசித்துவிட்டு, மறுபடியும் போய்க் கழுவினார். அப்புறம் வந்து, அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கரகரத்த குரலில் கேட்டார்: 'உள்ள என்னடா இருந்துச்சு?'

'குமிழியைக் கையில எடுக்கலாம்னு பார்த்தேன்ப்பா. வெறும் காத்துதான் இருந்துச்சு.'

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். ஆண்பிள்ளை அழலாமா என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வராதீர்கள்.

'இப்படி விட்டா பிள்ளைங்க கெட்டுப் போயிடாதா?' என்று முன்வரிசை அம்மா கேட்கிறார். அம்மா, நான் பிள்ளையை எதையும் தொட விடுங்கள் என்று சொல்லவில்லை. கண்டியுங்கள், தடுங்கள், ரிமோட்டின் மூடியைத் திருகாணி போட்டு முடுக்குங்கள். மாப்பிள்ளை வீட்டில் இப்போது எல்லா மூடிக்கும் திருகாணி இருக்கிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. எல்லாத் தடையும் தாண்டி, எல்லாக் காவலும் தப்பி, ஏதோ ஒன்று நடந்துவிட்ட அந்த நிமிடத்தில், உங்கள் பிள்ளை உங்களை நோக்கி ஓடி வருமா, உங்களைக் கண்டு ஒளியுமா? விபத்தைவிட நம்மைக் கண்டு பிள்ளை அதிகம் பயந்தால், அந்த வீட்டில் எந்தப் பூட்டு இருந்து என்ன? எந்த மூடி இருந்து என்ன? பக்கத்திலேயே மருத்துவமனை இருந்துதான் என்ன?

ரசமட்டம் உடைந்த ஒன்பதாவது நாள். காலை நேரம். மாப்பிள்ளை கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்புப் போடுகிறார். அவள் தண்ணீர் டம்ளரோடு வந்தாள். யாரும் கேட்கவில்லை. யாரும் அதட்டவில்லை. அவளாகச் சொன்னாள்.

'அப்பா, தண்ணி முழுங்கினா நடுவுல நிக்குது.'

பை விழுந்த சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டதாம். அன்றே பார்த்தார்கள். சுருங்க ஆரம்பித்திருந்தது, ஆரம்பித்துத்தான் இருந்தது. மூன்று தடவை விரித்து விட்டார்கள். பெரிய ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை. 'யாருங்க கண்டுபிடிச்சது?' என்று பெரிய டாக்டர் கேட்டார். 'அவளே சொன்னா டாக்டர்' என்றார் மாப்பிள்ளை. பட்டம் வாங்கியவன்கூட அவ்வளவு பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது அவளுக்கு எட்டு வயது. எல்லாம் சாப்பிடுகிறாள். ரசமட்டம் ஒட்டவில்லை.

இந்தக் கதையை மேடையில் சொல்லட்டுமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். வேலையை நிறுத்தாமலேயே சொன்னார்: 'சொல்லு மச்சான். என்னை நல்லவனாக்கிப் பேசாதே. கையை ஒடிப்பேன்னு சொன்னவன் நான்தான், அதை மட்டும் முழுங்கிடாம சொல்லு.' சொல்லிவிட்டேன்.

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கும், நடுவில் கேள்வி கேட்ட தம்பிக்கும் அம்மாவுக்கும், என்னை நம்பி ஒலிபெருக்கியைக் கொடுத்த தலைமையாசிரியை அம்மையாருக்கும், நாற்காலிக்கு அடியில் இன்னும் ஏதோ தேடிக்கொண்டிருக்கும் கண்மணிகளுக்கும் என் நன்றி. இந்த விடுமுறையில் உங்களில் ஒருவரும் என் அறைக்கு வர வேண்டாம் என்று வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்!